முப்பது நாளா, முப்பது நகலா?

கோப்புகளைக் காப்பு நகல் எடுத்து வைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றுக்கு நான்கு ஆண்டுகளாக ஆவணக் குழுவை, அதாவது கையேடு எழுதும் குழுவை, ஒருங்கிணைத்துவரும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். குழுவில் அவரையும் சேர்த்து ஆறு பேர், எல்லோரும் தன்னார்வலர்கள். நிரல் எழுதுபவர்கள் எட்டுப் பேர். தன் பெயரும் மென்பொருளின் பெயரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

போன ரிலீஸில் நடந்தது இது. பழைய நகல்களில் எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை அழிப்பது என்று தீர்மானிக்கும் ஓர் அமைப்பு அந்த மென்பொருளில் உண்டு. அதில் 30 என்று போட்டால் முன்பு 30 நாள் என்று பொருள். புதிய பதிப்பில் அதே 30, முப்பது நகல் என்று ஆகிவிட்டது. மணிக்கு ஒரு நகல் எடுப்பவருக்கு ஒன்றேகால் நாளுக்கு முந்தையது எல்லாம் போய்விடும். மாற்றம் செய்த டெவலப்பர் கமிட் குறிப்பில், அதாவது மாற்றத்தைப் பதியும்போது சேர்க்கும் விளக்கத்தில், எழுதியது ஒரே வரி: 'நகல் நீக்கும் பகுதி ஒழுங்குபடுத்தப்பட்டது.' ஆவணக் குழுவுக்கு யாரும் சொல்லவில்லை. பயனர் ஒருவர் மூன்று வாரத்துக்கு முந்தைய நகலைத் தேடி, கிடைக்காமல், கையேட்டைத் திட்டித் தீர்த்துவிட்டார். அந்தப் பக்கத்தை எழுதியவர் மறுநாளே விலகினார், அவரோடு இன்னொருவரும். போதாக்குறைக்கு, வாசகி எழுதிய 'முதல் முறை பயன்படுத்துபவருக்கு' என்ற பகுதியை ஒரு டெவலப்பர் அப்படியே எடுத்து, மென்பொருளுக்குள் வரும் உதவித் திரையில் தன் பெயரில் சேர்த்திருக்கிறார்.

"நான் நிரல் தெரியாதவள் என்பதால்தான் இப்படியா?" என்று கேட்கிறார். 14 கேள்விகள் உள்ள ஒரு படிவம் தயாரித்து வைத்திருக்கிறார். அதை நிரப்பாமல் எந்த மாற்றமும் போகக் கூடாது, கையேடு தயாராகாமல் ரிலீஸே கூடாது என்று கேட்கலாமா என்பது முதல் கேள்வி. ஆவணங்களைத் தனி விக்கிக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்பது இரண்டாவது. இதுவரை எழுதியதையெல்லாம் திரும்பப் பெற முடியுமா என்பது கடைசி.

அன்புள்ள வாசகிக்கு,

தொழில்நுட்ப எழுத்தாளராக இருபது ஆண்டுகளாக இதே வேலைதான் எனக்கு. அதில் பாதிக்கு மேல் தன்னார்வலர்களோடு. அதனால் உங்கள் கடிதத்தில் பல வரிகள் நானே எழுதியவை போல இருந்தன. அந்தப் பயனர் திட்டியது உங்கள் குழுவை. ஆனால் அந்தப் பக்கம் எழுதப்பட்ட நாளில் அது சரியான பக்கம். விலகிப்போனவரிடம் இதை யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் மற்ற எதற்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள். திரும்பி வரச் சொல்ல வேண்டாம். நீ எழுதிய பக்கத்தில் தப்பில்லை, எழுதிய பிறகு கீழே தரை நகர்ந்துவிட்டது என்று மட்டும்.

இப்போது, நீங்கள் உறுதியாக நம்பும் ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். டெவலப்பர்கள் ஆவணக் குழுவை 'மதிப்பதில்லை' என்கிறீர்கள். இருக்கலாம், எட்டுப் பேரில் ஒருவர் அப்படி இருக்கலாம். ஆனால் 2017-இல் நிரல் பகிரும் தளமான கிட்ஹப் நடத்திய ஓப்பன் சோர்ஸ் ஆய்வில், அரைகுறையான அல்லது பழசாகிப்போன ஆவணங்கள் பெரிய பிரச்சினை என்பதைத் தாங்கள் கண்டிருப்பதாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே ஆய்வில், ஆவணங்களுக்கு அபூர்வமாகத்தான் பங்களிப்போம், அல்லது பங்களிப்பதே இல்லை என்றவர்கள் 60 சதவீதம். வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிகிறது, கை மட்டும் போகவில்லை. உங்கள் டெவலப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணுக்கு அது ஒழுங்குபடுத்தல்தான். நாளைக் கணக்கிடும் இருபது வரி போய், எண்ணிக்கையைப் பார்க்கும் மூன்று வரி வந்தது. ஏற்கெனவே 30 என்று போட்டு வைத்திருப்பவர் கதி என்ன என்ற கேள்வி, நிரலுக்குள் நின்று பார்ப்பவருக்குத் தோன்றுவது கடினம். கையேட்டில் 'இந்த எண் எதைக் குறிக்கிறது' என்று ஒரு வாக்கியம் எழுத உட்காருபவருக்குத்தான் முதல் நிமிடத்திலேயே தோன்றும்.

அதாவது, அந்த மாற்றம் உள்ளே போவதற்கு முன் உங்களில் ஒருவர் அதைப் பார்த்திருந்தால், தப்பியிருப்பது கையேடு மட்டுமல்ல. அந்தப் பயனரின் நகலும் தப்பியிருக்கும். 'நிரல் முடிந்த பிறகு எங்கள் வேலை ஆரம்பம்' என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். டெவலப்பர்கள் அப்படி நினைப்பது பழகிய விஷயம். நீங்களும் அப்படி நினைப்பதுதான் எனக்குக் கவலை. நிரல் தெரியாதவள் என்ற வருத்தத்துக்கும் இதுதான் என் பதில். அந்த நிரல் வரிகளின் வித்தியாசத்தை நீங்கள் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "ஏற்கெனவே போட்டு வைத்தவருக்கு என்ன ஆகும்?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

சரி, முன்கூட்டியே பார்ப்பது எப்படி? இங்கேதான் உங்கள் படிவம் வருகிறது.

14 கேள்வி வேண்டாம். படித்துப் பார்த்தேன், நல்ல கேள்விகள்தான். ஆனால் மூன்றாவது மாற்றத்துக்கே 'இல்லை, இல்லை, பொருந்தாது' என்று கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார்கள். நான் ஒருமுறை இதைவிட மோசமான வேலை செய்தேன். வாரம் ஒரு கூட்டம், டெவலப்பர்களும் எழுத்தாளர்களும் கட்டாயம் வர வேண்டும் என்று வைத்தேன். நான்காவது வாரம் நானும் இன்னோர் எழுத்தாளரும் மட்டும் உட்கார்ந்து காற்புள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

டெவலப்பர் ஏற்கெனவே இருக்கும் இடத்தில், ஏற்கெனவே செய்யும் வேலைக்குள் உங்கள் கேள்வி உட்கார வேண்டும். அந்த இடம் புல் ரெக்வஸ்ட், அதாவது தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி டெவலப்பர் அனுப்பும் கோரிக்கை. அதன் வார்ப்புருவில் மூன்றே வரி சேர்க்கச் சொல்லுங்கள். பயனர் கண்ணுக்கு எது மாறும்? பழைய அமைப்போடு இருப்பவருக்கு என்ன ஆகும்? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? முதல் கேள்விக்கு 'ஒன்றும் மாறாது' என்றால் மற்ற இரண்டும் தேவையில்லை. பெரும்பாலான மாற்றங்களுக்கு அதுதான் பதிலாக இருக்கும், அதனால் யாருக்கும் சுமை இல்லை. இலக்கணம், எழுத்துப்பிழை எதையும் அந்த மூன்று வரியில் எதிர்பார்க்காதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள். அது உங்களுக்கான கச்சாப் பொருள்.

மேகக் கணினி மென்பொருளான ஓப்பன்ஸ்டாக் திட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கமிட் குறிப்பில் 'டாக்இம்பாக்ட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், ஆவணக் குழுவின் பட்டியலில் தானாக ஒரு பதிவு விழும். அழகான யோசனை. ஆனால் வெறும் சொல்லை மட்டும் போட்டுவிட்டு விளக்கம் எழுதாமல் போனவர்களும் உண்டு. அந்தப் பதிவைத் திறக்கும் எழுத்தாளர், என்ன மாறியது என்று தெரிய நிரலையே தோண்ட வேண்டியிருந்தது. அப்படி ஓர் அடையாளச் சொல்லும் மூன்று வரியும் சேர்ந்தால்தான் பயன், தனித்தனியாக இரண்டும் அரைக் கிணறுதான்.

ரிலீஸை நிறுத்தி வைக்கலாமா?

முழு ரிலீஸையும் நிறுத்தும் அதிகாரத்தைக் கேட்காதீர்கள். ஒரு தன்னார்வலர் காய்ச்சலில் படுத்தால் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று இரண்டு வாரம் தாமதமாகும். அதற்கு அப்புறம் அந்த அதிகாரம் உங்களிடம் இருக்காது, நல்ல பெயரும் இருக்காது. ஒரு அம்சத்தை மட்டும் நிறுத்துவது வேறு விஷயம், அது நடக்கிற காரியம். குபர்னெடீஸ் என்ற பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆவணப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். கையேடு தேவைப்படும் அம்சம் என்றால், குறிப்பிட்ட தேதிக்குள் ஆவணக் களஞ்சியத்தில், அதாவது ஆவணக் கோப்புகள் சேமிக்கப்படும் இடத்தில், ஒரு வெற்றுப் புல் ரெக்வஸ்ட்டாவது திறந்திருக்க வேண்டும், பிறகு இன்னொரு தேதிக்குள் அது நிரம்ப வேண்டும். தவறினால் அந்த அம்சம் அந்த வெளியீட்டிலிருந்து விலக்கப்படலாம். மற்றவை கிளம்பிவிடும். தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இன்னும் எளிது. ஆவணம் நிரலோடு ஒரே கோப்புத் தொகுப்பில் இருக்கிறது, புதிய அம்சத்தோடு ஆவண மாற்றமும் சேர்ந்தே வர வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது.

உங்கள் அளவுக்கு இதில் கால்வாசி போதும். பழைய அமைப்பின் பொருளை மாற்றுகிற, தரவை அழிக்கக்கூடிய மாற்றங்களுக்கு மட்டும், ஆவணக் குழுவில் ஒருவர் பார்த்தேன் என்று சொல்லாமல் மெர்ஜ், அதாவது முதன்மை நிரலோடு இணைப்பது, இல்லை. இதை மட்டும் கேளுங்கள். காப்பு நகல் மென்பொருளில் இதற்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் இந்தச் சலுகைக்கு நீங்களும் ஒரு கெடு கொடுக்க வேண்டும். மூன்று நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் அவர்கள் மெர்ஜ் செய்துகொள்ளலாம் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

இன்னொரு தேதியும் கேட்டு வாங்குங்கள்: திரை உறைவு, அதாவது அதற்குப் பிறகு திரையை மாற்றக் கூடாது என்ற நாள். லினக்ஸ் கணினிகளின் திரை இடைமுகமான க்னோம் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இடைமுகத்தை உறைய வைத்துவிடுவார்கள், அடுத்து திரையில் வரும் சொற்களையும். எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் அந்த இடைவெளியில்தான் மூச்சு விடுகிறார்கள். உங்கள் குழுவில் ஸ்கிரீன்ஷாட்டை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது. மாற்றிக்கொள்ளுங்கள். படம் கடைசியில், உறைவுக்குப் பிறகு.

தனி விக்கி யோசனை

வேண்டாம் என்பேன். விக்கியில் சுகம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே திருத்தலாம். ஆனால் நிரலில் இருந்து ஆவணம் எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு தூரம் மாற்றத்தின் செய்தியும் தாமதமாக வரும். உங்களுக்கு நடந்ததே அதுதான். பதிப்புச் சிக்கலும் உண்டு. பழைய பதிப்பில் இருப்பவருக்கு 30 இன்னும் நாள்தான், புதியவருக்கு நகல். களஞ்சியத்தில் பதிப்புக்கு ஒரு கிளையாகக் கையேடும் நிரலும் சேர்ந்தே இருந்தால் இரண்டு பதிப்புக்கும் இரண்டு பக்கம் தானாகவே இருக்கும். விக்கியில் ஒரே பக்கம், யாரோ ஒருவருக்கு அது எப்போதும் பொய்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஓப்பன்ஸ்டாக்கில் மையமாக ஓர் ஆவணக் குழு இருந்தது. எழுத்தாளர்கள் குறைந்துபோனதும் 2017-இல் நிறுவல் கையேடு, நிர்வாகக் கையேடு எல்லாவற்றையும் அந்தந்த உபதிட்டங்களின் களஞ்சியத்துக்கே மாற்றினார்கள். நிரலுக்கு அருகில் வந்தது லாபம். ஆனால் அப்படி மாற்றும்போது முழுக் கையேட்டையும் ஒரே வாசகராக உட்கார்ந்து படித்துப் பார்க்கும் ஆள் குறைந்துவிடுவார். உங்களிடம் எட்டு டெவலப்பர்கள்தான், அந்த அளவுக்குப் போகாது. என்றாலும், ரிலீஸுக்கு ஒருமுறை ஒருவர் முதலிலிருந்து கடைசி வரை படிக்கும் வழக்கத்தை விடாதீர்கள்.

விக்கி மேல் ஆசை வருவதற்கு உண்மையான காரணம் கடிதத்தின் நடுவில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. உங்கள் திருத்தங்கள் ஐந்து வாரம் ரிவ்யூவுக்குக் காத்துக் கிடக்கின்றன. இதற்கு மருந்து இடம் மாறுவதில்லை, உரிமை கேட்பது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தில் நிரலுக்கும் ஆவணத்துக்கும் தனித்தனி கமிட் உரிமை உண்டு. ஆவணத்தில் மட்டும் உரிமை பெற்றவர் நிரலைத் தொட முடியாது, ஆவணத்துக்கு யாரையும் காத்திருக்கவும் வேண்டாம். ஆவணக் கோப்புறைக்கு மட்டும் உங்களுக்கும் இன்னொருவருக்கும் மெர்ஜ் உரிமை கேளுங்கள். எழுத்துப்பிழையும் நடையும் உங்களுக்குள் முடியட்டும். டெவலப்பரிடம் போவது உண்மை சரிபார்ப்பு மட்டும். அதையும் 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று அனுப்பாதீர்கள். அந்த வாக்கியத்துக்குப் பதில் வராது. 'மூன்றாம் பத்தியில் உள்ள எண், நகலைக் குறிக்கிறதா, நாளையா?' என்று கேட்டால் சாயங்காலத்துக்குள் பதில் வரும்.

எழுதியதைத் திரும்பப் பெற முடியுமா?

முதலில் ஒன்று, நான் வழக்கறிஞர் இல்லை. சண்டை நீதிமன்றம் வரை போகும் என்றால் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரைப் பாருங்கள். உரிமங்களோடு நாள்தோறும் புழங்குபவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், அதாவது ஏறக்குறைய எல்லா நாடுகளிலும், அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் உங்கள் கையேடு கிரியேட்டிவ் காமன்ஸின் 'பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல்' உரிமத்தின் 4.0 பதிப்பில் வெளியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமம் திரும்பப் பெற முடியாதது. நாளை நீங்கள் விலகலாம், எழுதுவதை நிறுத்தலாம். கொடுத்ததை எடுத்துவிடுங்கள் என்று கேட்க முடியாது. பக்கங்களை நீங்களே அழித்தாலும், மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்து முறைப்படி வெளியிடலாம். இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் வேறொருவர் நடுவழியில் விலகி, நீங்கள் கட்டியதன் அடித்தளத்தை உருவிக்கொண்டு போகாமல் காப்பதும் இதே விதிதான்.

உதவித் திரை விஷயத்தில் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. அந்த உரிமம் உங்கள் பெயரைக் குறிப்பிடச் சொல்கிறது, மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்லச் சொல்கிறது. அதைவிட முக்கியமானது, உங்கள் மென்பொருளின் நிரல், நிபந்தனைகள் மிகக் குறைவான எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. 'அதேபோல் பகிர்தல்' நிபந்தனை உள்ள எழுத்தை, அதாவது மாற்றி வெளியிட்டாலும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டிய எழுத்தை, எம்ஐடி கோப்புக்குள் ஒட்டிவிட்டு, இதுவும் எம்ஐடிதான் என்று சொல்ல முடியாது. நிரல் ஜிபிஎல் என்ற உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் இருந்திருந்தால் வழி உண்டு, இந்த எழுத்தை அதற்குள் கொண்டுபோகலாம் என்ற ஒருவழிப் பொருத்தத்தை 2015-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் அறிவித்தது. எம்ஐடிக்கு அப்படி எதுவும் கிடையாது.

கோபத்தில் புகார் எழுதுவதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். பங்களிப்பாளர் ஒப்பந்தம் என்று ஏதாவது சேரும்போது ஒப்புக்கொண்டீர்களா? அதில் மறு உரிமம் கொடுக்கும் அதிகாரத்தைத் திட்டத்துக்கு அளித்திருந்தால் கதை மாறும். அடுத்து, அந்தப் பகுதியை நீங்கள் ஒருவரே எழுதினீர்களா? வேறு யாருடைய வாக்கியமும் அதில் இல்லை என்றால் உங்கள் எழுத்துக்கு எம்ஐடி உரிமத்தையும் கூடுதலாக நீங்களே கொடுத்துவிடலாம், பெயரைச் சேர்க்கும் நிபந்தனையோடு. மூன்று பேர் எழுதியது என்றால் மூன்று பேரும் சரி சொல்ல வேண்டும், விலகிப்போனவரும் உட்பட. இந்தச் சிக்கலுக்கு இடம் கொடாமல், இனி உதவித் திரைக்கு வரும் எழுத்து எந்த உரிமத்தில் என்று பங்களிப்பு வழிகாட்டியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கையேட்டில் வரும் மாதிரி நிரலுக்கும் அப்படியே. மோசில்லா தொடங்கிய எம்டிஎன் என்ற இணையத் தொழில்நுட்பக் கையேட்டுத் தளத்தில் உரைநடைக்கு ஓர் உரிமம், நிரல் துணுக்குகளுக்கு எந்த நிபந்தனையும் இல்லாத வேறொன்று. பயனர் தன் வேலைக்கு நான்கு வரி கட்டளையை நகலெடுத்தால் உரிமச் சிக்கலில் மாட்டக் கூடாது அல்லவா.

அந்த டெவலப்பரின் உள்நோக்கம் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு வெட்டி ஒட்டினால் கிட் ஒட்டியவர் பெயரைத்தான் போடும், எழுதியவர் யார் என்று அதற்குத் தெரியாது. தெரியாமல் நடந்திருக்கவும் வாய்ப்புண்டு. பழைய வரலாற்றை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள், எல்லோர் களஞ்சியமும் குழம்பும். அந்தக் கோப்பில் அடுத்த கமிட் போடும்போது 'கூட எழுதியவர்' என்ற வரியில் உங்கள் பெயர், ரிலீஸ் குறிப்பில் ஆவணம் எழுதியவர்கள் எல்லோர் பெயரும். இவ்வளவு கேளுங்கள். முதலில் தனியாகக் கேளுங்கள். பொதுவில் கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுவார். தனியாகக் கேட்டும் மறுத்தால், 4.0 பதிப்பில் மீறியவரின் உரிமை தானாகவே முடிந்துவிடும், மீறல் தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் திரும்பக் கிடைக்கும் என்பதை அப்போது எடுத்துக் காட்டலாம். (இங்கேயும் ஒரு முப்பது. இது நாள்தான்.)

மீதி நான்கு பேரைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் எல்லாப் பக்கத்தையும் கவனிக்கும் முறையை விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒருவர், அந்தப் பக்கத்தின் நிரலைத் தெரிந்த டெவலப்பர் ஒருவர், இரண்டு பெயரும் பக்கத்தின் தலையிலேயே இருக்கட்டும். தன்னார்வலருக்கு வீடு, வேலை, பரீட்சை எல்லாம் வரும். இரண்டு வாரம் சத்தம் இல்லை என்றால் பக்கம் தானாக அடுத்தவருக்குப் போகும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். அப்போது விட்டுப்போவதில் குற்ற உணர்வு இருக்காது, திரும்பி வருவதும் எளிது.

அடுத்த ரிலீஸுக்கு ஒன்பது வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முழுத் திட்டத்தையும் ஒரே கடிதத்தில் டெவலப்பர்களிடம் கொட்டாதீர்கள். முதன்மை டெவலப்பருக்கு இந்த வாரம் இவ்வளவு அனுப்பினால் போதும், வேண்டுமானால் இப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள்:

"போன ரிலீஸில் 30 என்ற எண்ணின் பொருள் மாறியது எங்களுக்குத் தெரியாமல் போனது, ஒரு பயனர் நகலை இழந்தார். மறுபடி நடக்காமல் இருக்க, புல் ரெக்வஸ்ட் வார்ப்புருவில் மூன்று வரி சேர்க்க விரும்புகிறோம், வரைவு கீழே. தரவை அழிக்கக்கூடிய மாற்றங்களை மட்டும் மெர்ஜுக்கு முன் எங்களில் ஒருவர் பார்ப்பார், மூன்று நாளுக்குள் பதில் தருவோம். ஒரே ஒரு ரிலீஸுக்கு முயன்று பார்ப்போம். சுமையாக இருந்தால் எடுத்துவிடலாம்."

மெர்ஜ் உரிமையை இதில் கேட்காதீர்கள். அது அடுத்த கடிதத்துக்கு, இந்த முறை யாராவது அந்த மூன்று வரியை நிரப்பி, அதிலிருந்து நீங்கள் ஒரு பிழையைப் பிடித்த பிறகு.